முள் ஒரு நொடி விழுந்தது: த்ராட்டில் சென்சாரை ஓம் மீட்டரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நங்கநல்லூர்:
கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போதுதான் வரும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் வண்டி ஒரு முறை திக்கிவிட்டு அப்புறம் பாயும். 2004 மாடல் பெட்ரோல் கார், கேபிள் த்ராட்டில். பிளக், ஃபில்டர், இன்ஜெக்டர் கிளீனிங் எல்லாம் ஆயிற்று. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாரில், கப்ளரை, அதாவது ஒயர் சொருகியைக் கழற்றி டிஜிட்டல் மீட்டர் வைத்தேன். ஓர முனைகள் இரண்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம், அசையவில்லை. சிக்னல் முனையில் வைத்துத் த்ராட்டிலைத் திறந்தால் 0.9-இலிருந்து 4 வரை ஏறியது. சென்சார் நல்லது என்று மூடிவிட்டேன். மூன்று மாதம் போயிற்று.

ரேடியோ ரிப்பேர் பார்த்த என் மாமா தன் பழைய முள் மீட்டரைக் கொண்டுவந்தார். "மெதுவா திறடா, இன்னும் மெதுவா" என்றார். நூல் அளவு திறந்ததும் முள் விருட்டென்று இடது கோடிக்கு விழுந்து திரும்பியது. மூடித் திறந்தோம். அதே இடம், அதே துடிப்பு. டிராஃபிக்கில் த்ராட்டில் அதிக நேரம் கிடப்பது அந்த இடத்தில்தான், சென்சாருக்குள் உரசும் கார்பன் பட்டை அங்கேதான் தேய்ந்திருக்கிறது. டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் அளக்கும், அந்தத் துடிப்பு அதற்குள் விழவே இல்லை. யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்னும் தோன்றுகிறது.

வேளச்சேரி:
உடனே சென்சார் மேல் பழி போடாதீர்கள் சார். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். என் எஃப்ஐ (ஃப்யூவல் இன்ஜெக்ஷன்) பைக் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அதன்பிறகு ஐடிலிங் ஏறி இறங்கியது. புதுப்பேட்டையில் அலைந்து வேறு சென்சார் வாங்கி மாட்டினேன், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் கப்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு பின்னின் அடியில் பச்சைக் களிம்பு, கடுகு அளவுதான். அந்த ஒயரின் இரு முனையிலும் மீட்டர் வைத்தேன், 40 ஓம் காட்டியது. ஒரு ஓம் கூட வரக் கூடாது. அந்தக் கடுகுக்காக ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று.

கிண்டி:
வேளச்சேரி தம்பி சொல்வது அவர் வண்டிக்குச் சரி, நங்கநல்லூர்க்காரர் வண்டிக்குச் சரியில்லை. முள் ஒரே இடத்தில் விழுந்தால் அது பட்டைதான், ஒயர் இல்லை.

என் கதை வேறு. கடை வைத்திருந்தபோது ஒரு வண்டி வந்தது, பெடலுக்குக் கேபிளே கிடையாது. சென்சாரில் ஓம் பார்த்தேன். ப்ரோபை ஒரு பக்கம் வைத்தால் ஒரு எண், மாற்றி வைத்தால் வேறு எண். போய்விட்டது என்று சொல்லி த்ராட்டில் பாடியையே மாற்றச் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, அது ஹால் சென்சார். உள்ளே பட்டையே இல்லை, காந்தமும் ஐசியும்தான். வாடிக்கையாளர் பணத்தை வீணாக்கிய அந்த நாள் இன்றும் உறுத்துகிறது.

அதனால் சொல்கிறேன். முதலில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். பட்டை வகை என்றால் மட்டும் ஓம். சாவியை அணைத்து, கப்ளரைக் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். மாட்டியபடியே அளந்தால் எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூவின் உள் சர்க்யூட்டும் சேர்ந்து தப்பான எண் வரும். ஹால் வகைக்கு எல்லாவற்றையும் மாட்டி, சாவியைப் போட்டு வோல்ட் பாருங்கள். சப்ளை 5 வோல்ட். பல வண்டிகளில் சிக்னல், மூடியிருக்கும்போது அரை வோல்ட் பக்கம், முழுதாகத் திறந்தால் நாலரை பக்கம். ஒயரைக் குத்தி அளக்காதீர்கள், அந்தத் துளை வழியாக நம் ஊர் உப்புக் காற்றும் ஈரமும் உள்ளே போய் செம்பைத் தின்றுவிடும். கப்ளரின் பின்பக்கம் மெல்லிய ஊசியை நுழைத்து அளக்கலாம். முள் மீட்டர் வேண்டுமென்றால் ரிச்சி தெருவில் தேடுங்கள்.

குரோம்பேட்டை:
மே மாதம், மதியம் இரண்டு மணி, ஜிஎஸ்டி ரோடு சிக்னலில் என் கார் அணைந்தது. காலையில் வீட்டில் பார்த்தபோது ஓம் எல்லாம் சரியாக இருந்தது. ஓரங்கட்டி, எஞ்சின் கொதிக்கும்போதே பானெட்டைத் திறந்து துணி சுற்றிய கையால் கப்ளரைக் கழற்றி அளந்தேன். நடுவில் ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை. வீடு வந்து ஆறியபின் அளந்தேன், மறுபடி நன்றாகவே காட்டியது.

நங்கநல்லூர்:
கிண்டி சார், நன்றி. குரோம்பேட்டை சொன்னதுபோல் நானும் நாளை சூடாக இருக்கும்போது ஒருமுறை அளந்துவிட்டுத்தான் புது சென்சார் வாங்குவேன். மாமாவிடம் மீட்டரைத் திருப்பித் தரவில்லை.