ரிங்லெட் வீட்டை ஹோம்ஸ்டேக்கு விடலாமா? அம்மா அங்கேதான் இருக்கிறார்

ரிங்லெட் பொண்ணு:

வணக்கம். மலேசியாவில் கேமரன் மலைப் பக்கம் இருப்பவர்கள் யோசனை சொன்னால் உதவியாக இருக்கும்.

அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்பதால், அப்பா சேமநிதிப் பணத்தை எடுத்து ரிங்லெட்டில் ஒரு சின்னத் தரைவீடு வாங்கினார். இப்போது அப்பா இல்லை. அம்மா தனியாக இருக்கிறார். நான் கிள்ளானில், தம்பி சிங்கப்பூரில்.

கோலாலம்பூர் ஆள் ஒருவர் வந்து மூன்று வருஷ ஒப்பந்தத்துக்கு முழு வீட்டையும் கேட்கிறார். சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் ஹோம்ஸ்டே நடத்தப் போகிறாராம். மாதம் 1,800 வெள்ளி (ரிங்கிட்). 2026 மலேசியாவுக்குச் சுற்றுலா ஆண்டு, கூட்டம் குவியும், அம்மாவைக் கிள்ளானுக்குக் கூட்டிப் போய்விடு என்கிறான் தம்பி. அம்மா "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று மட்டும் சொல்கிறார். வழக்கமாக எதற்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தாப்பாக்காரன்:

முதலில் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். மாவட்ட மன்றத்தில் உரிமம் யார் பெயரில் எடுப்பார்கள், தண்ணீர், மின்சார பில் யார் கட்டுவது, சுவரை இடித்து அறை பிரிக்கலாமா, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

வேன் அண்ணன், தானா ராத்தா:

தங்கச்சி, நான் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். இந்தக் கூட்டத்தை வைத்துத்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். அதனால் சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உங்கள் விஷயத்தில் முழு வீட்டைக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

1885-இல் வில்லியம் கேமரன் நிலம் அளக்க வந்தது, 1929-இல் ரஸ்ஸல் 'போ' (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது, 1931-இல் தாப்பாவிலிருந்து ரோடு ஏறி வந்தது, இதையெல்லாம் வண்டியில் பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டு போவேன். அப்புறம், காட்டை வெட்டிச் செடி நட்டது தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், என் தாத்தாவும் அதில் ஒருத்தர் என்பேன். அப்போதுதான் போனை இறக்கிவிட்டு என்னைப் பார்ப்பார்கள். "இப்ப அவங்கெல்லாம் எங்கே?" என்று ஒரு பெண் கேட்டாள். வண்டியை ஓட்டிக்கொண்டு எப்படிச் சொல்வது? கொழுந்து எடுக்கிறவர்கள் இன்றைக்குப் பெரும்பாலும் வங்காளதேசத்திலும் நேபாளத்திலும் இருந்து வந்தவர்கள். நம் ஆட்கள் வேலை முடிந்து வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று போய்விட்டார்கள். இங்கே சொந்த வீடு வாங்கித் தங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். உங்கள் அப்பா அதைச் செய்தார், தங்கச்சி. அது சின்ன விஷயமில்லை.

கூட்டத்தைப் பற்றியும் சொல்கிறேன். இங்கே வருகிறவர்களில் முக்கால்வாசி உள்ளூர்க்காரர்கள். சனி ஞாயிறு, பள்ளி விடுமுறை, பெருநாள் என்றால் மலை தாங்காது. செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கள், பல ஹோம்ஸ்டே வாசலில் செருப்பே இருக்காது. 1,800 வெள்ளி வருஷம் முழுவதும் ஒழுங்காக வரும் என்று கணக்குப் போடாதீர்கள். 2019-இல் மலேசியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2 கோடியே 60 லட்சம் பேர், 2020-இல் அது 43 லட்சம். அந்த வருஷம் மார்ச் 18 கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் என் வேன் வாசலில் நின்றுவிட்டது. எங்கள் வரிசையில் வீட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் இரண்டே மாதத்தில் சாவியை லெட்டர்பாக்ஸில் போட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்று கட்டில், ஒரு உடைந்த ஹீட்டர், ஊறிப்போன மெத்தை. வீட்டுக்காரப் பெரியவர்தான் கடன் வாங்கிச் சரிபண்ணினார்.

இன்னொன்றையும் நான் கண்ணால் பார்த்தேன். கவாத்து வெட்டி மொட்டையாக நிற்கும் செடிமேல் ஏறி நின்று போட்டோ எடுக்கிறார்கள். அந்தக் கிளையில்தான் புதுத் துளிர் வர வேண்டும். மண்டோர் (மேற்பார்வையாளர்) கத்தினால் கையாட்டிச் சிரிக்கிறார்கள். செடியின் அடி விரிந்து பட்டை கிழிந்து கிடக்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். அந்தச் செடியில் என் அம்மாவின் முதுகுவலி இருக்கிறது.

ரிங்லெட்டை மறக்கவே கூடாது. 2013 அக்டோபரில் நடுராத்திரிக்கு மேல் ரிங்லெட் பக்கத்துச் சுல்தான் அபு பாக்கார் அணையைத் திறந்து, அதன் கீழே இருக்கும் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. மேலே மலையைச் சுரண்டச் சுரண்ட மண் வந்து அணை ஏரியில் படிகிறது. காய்கறிப் பண்ணை, ஸ்ட்ராபெர்ரிப் பண்ணை, புதுக் கட்டடம் எல்லாம் மேலே, வெள்ளம் கீழே இருக்கிறவர்களுக்கு. அந்த ராத்திரி ஒருத்தரை ஒருத்தர் தட்டி எழுப்பியது அக்கம்பக்கத்துக்காரர்கள். வாடகைக்கு ஒரு ராத்திரி தங்குகிறவனுக்குப் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரியுமா?

ஓய்வு பெற்ற டீச்சர்:

வேன் தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள், ம்மா. எங்கள் லோரோங்கில் (சந்தில்) பாதி வீடு ஹோம்ஸ்டே. போன வருஷம் பக்கத்தில் ஒரு துக்கம். பந்தல் போட, நாற்காலி எடுக்க ஆள் தேடி வேறு தெருவுக்குப் போனோம். எதிர் வீட்டில் அன்றைக்குப் பிறந்தநாள் பாட்டு. வந்தவர்கள்மேல் தப்பில்லை, அவர்களுக்குத் தெரியாது.

அம்மாவுக்கு மருந்து, சோதனை எல்லாம் தானா ராத்தா மருத்துவமனையில்தானே? விடுமுறையில் அந்த ரோட்டில் ஜாம் பிடித்தால் நகராது. அதனால் அவர் தனியாக இருப்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அதை அம்மாவிடம் நேராகக் கேள். "நீங்க பேசி முடிவு பண்ணுங்க" என்பது சம்மதம் இல்லை. பிள்ளைக்குப் பாரமாகிவிடக் கூடாது என்ற பயம். நான் என் மகனிடம் இதையேதான் சொல்லியிருக்கிறேன்.

ரிங்லெட் பொண்ணு:

டீச்சர், அண்ணே, நன்றி. நேற்று ராத்திரி அம்மாவிடம் போனில் நேராகவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கிள்ளான்ல எனக்கு யாரைத் தெரியும்?" என்றார். தம்பியிடம் சொல்லிவிட்டேன், முழு வீடு கிடையாது. பின்பக்க அறைக்குத் தனி வாசல் இருக்கிறது. அதை மட்டும் விடலாமா என்று பார்க்கிறோம். அம்மா முன்பக்கம் இருப்பார்.

வேன் அண்ணன், தானா ராத்தா:

சரியான முடிவு. அந்த அறையை மருத்துவமனையில் வேலை செய்யும் தாதி, பள்ளிக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர் என்று மாத வாடகைக்கு விடுங்கள். வீடு கிடைக்காமல் அவர்கள்தான் இங்கே திண்டாடுகிறார்கள். வாடகை குறைவாகத்தான் வரும், ஆனால் ராத்திரியில் அம்மா கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தில் ஆள் இருக்கும். நான் இரண்டு பேரிடம் விசாரித்துச் சொல்கிறேன், தனிச்செய்தியில் நம்பர் அனுப்புங்கள்.