மைனர் 1000: நின்னா கரும்புகை, மிதிச்சா முக்கல். எஸ்யூ கார்புரேட்டர் தெரிஞ்சவங்க உதவணும்

பாயா தெருபோங் மைனர்:
வணக்கம் அண்ணன்மாரே. அப்பாவோட 1968 மோரிஸ் மைனர் கார், 1098 சிசி, எஸ்யூ கம்பெனியோட எச்எஸ்2 ஒத்தை கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்புறது). மிதிச்சா ஒரு கணம் முக்கிட்டுத்தான் எடுக்கும். பெட்ரோல் பத்தலைன்னு நெனச்சு கார்புரேட்டர் அடியில இருக்கிற நட்டை ஒரு சுத்து இறக்கினேன். முக்கல் போகல. இப்போ இங்க பினாங்குல பாலிக் புலாவ் போயிட்டு துன் சார்டோன் ரோடு இறங்கி வந்தா, முதல் டிராபிக் லைட்லயே இஞ்சின் ஏறி ஏறி இறங்கி செத்துடுது. பின்னால கரும்புகை. வொர்க்‌ஷாப் போர்மேன் ஒருத்தர் "தூக்கிப் போடு, புதுசு வாங்கு"ங்கிறார்.

பழைய இரும்பு:
தூக்கிப் போடாதீங்க தம்பி! அந்த கார்புரேட்டர்ல கெட்டுப்போக ரொம்ப எதுவும் இல்ல. பிளக் கழட்டிப் பார்த்தீங்களா, என்ன கலர்?

பாயா தெருபோங் மைனர்:
நாலும் அடுப்புக்கரி மாதிரி இருக்குண்ணே.

பழைய இரும்பு:
அப்போ ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். பிஸ்கட் கலர் வரணும். நட்டைத் தொடுறதுக்கு முன்னாடி மூணு விஷயம்.

சோக்கை (குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோல் கூட்டுற இழுப்பு) முழுசா உள்ளே தள்ளிட்டு, ஜெட்டை (பெட்ரோல் வர்ற சின்னக் குழாய்) அடியிலிருந்து விரலால மேலே அழுத்துங்க. இன்னும் ஏறினா, ஜெட் வீடு திரும்பலைன்னு அர்த்தம். சோக் கேபிளுக்குக் கொஞ்சம் லூஸ் விடணும். காலையில இழுத்த சோக் நாள் பூரா பெட்ரோல் ஊத்திக்கிட்டு இருக்கும்.

அடுத்து, கார்புரேட்டர் மேலே இருக்கிற டேம்பரை, அதாவது பிஸ்டன் வேகத்தை அடக்குற தண்டைக் கழட்டுங்க. உள்ளே எண்ணெய் இருக்கா? வறண்டிருந்தா மிதிச்சதும் கார்புரேட்டர் உள்ளே இருக்கிற பிஸ்டன் சட்டுனு எகிறும், காத்து அதிகமாகும். உங்க முக்கல் அதுதான்னு என் சந்தேகம். எஸ்ஏஇ 20 எண்ணெய் ஊத்துங்க. டேம்பர் வெளியே இருக்கிறப்பவே ஏர் பில்டரைக் கழட்டி பிஸ்டனை விரலால தூக்கி விடுங்க. "டக்"னு விழணும். நடுவுல நின்னா பெட்ரோல்ல துடைங்க, மணல் தாள் வேண்டவே வேண்டாம்.

ஜார்ஜ்டவுன் ஏ-சீரிஸ்:
டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே இருக்கிற பாயிண்ட் (பிளக் பொறிக்கான சுவிட்ச்) இடைவெளியும் பார்த்துக்குங்க, 0.015 இன்ச். பாதி "கார்புரேட்டர் கோளாறு" அங்கதான் இருக்கும் லா.

பாயா தெருபோங் மைனர்:
பாயிண்ட் சரிதான். டேம்பர் எலும்பு மாதிரி காய்ஞ்சு கெடக்கு! ஜெட்டும் அழுத்தினா ஒரு நெல் அளவு ஏறுச்சு. கேபிளைத் தளர்த்திட்டேன், எண்ணெயும் ஊத்தியாச்சு. முக்கல் போச்சு. புகை கொறஞ்சிருக்கு, முழுசா போகல.

பழைய இரும்பு:
அது நீங்க இறக்கின ஒரு சுத்து. இஞ்சின் நல்லா சூடானதும், கார்புரேட்டர் பிஸ்டனைத் தூக்குற லிஃப்டிங் பின்னை ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கம்மியா தூக்குங்க. வேகம் ஏறி அங்கேயே நின்னா ரிச், நட்டை மேலே ஏத்துங்க. சாகப் பார்த்தா லீன் (பெட்ரோல் கம்மி), கீழே இறக்குங்க. லேசா ஏறி அடங்கினா சரி. ஒரு தடவைக்கு நட்டோட ஆறு பட்டையில ஒரு பட்டைதான். முழு சுத்து சுத்தினா மறுபடி இங்கதான் வந்து நிப்பீங்க.

பாயா தெருபோங் மைனர்:
அஞ்சு பட்டை ஏத்தினேன். பின்னைத் தூக்கினா லேசா ஏறி அடங்குது. ஆறாவது ஏத்தினா சாகப் பார்த்துச்சு, ஒண்ணு திரும்ப இறக்கிட்டேன். ஞாயிறு பாலிக் புலாவ் போயிட்டு வந்து பிளக் கலர் சொல்றேண்ணே.