கீழே 90, மாடியில் 3: வைஃபை உதவி தேவை

மாடிவீடு:
வணக்கம். மதுரையில் தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீடு. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. பகலில் ஓரளவு ஓடுகிறது. சாயங்காலம் 7 மணி தாண்டினால் மாடி அறையில் 3, 4-க்கு மேல் ஏறுவதில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் நான் பேசுவது துண்டு துண்டாகப் போகிறதாம். சில நாள் இரண்டு நிமிடம் சுத்தமாக நின்றே விடுகிறது. லைன் பார்க்க வந்த தம்பி கூடத்தில் நின்று போனில் வேகம் பார்த்தார். 90 காட்டியது. "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று கிளம்பிவிட்டார். 300 பிளானுக்கு மாறலாமா? நாலு கொம்பு வைத்த புது ரூட்டர் வாங்கலாமா?

பழைய லேப்டாப்:
காசு இப்போதைக்குப் பையிலேயே இருக்கட்டும் சார். கோளாறு வெளியிலிருந்து வரும் லைனிலா, வீட்டுக்குள் வைஃபையிலா என்று முதலில் பிரிக்க வேண்டும். படுத்தும் நேரத்தில் மாடியிலிருந்தே லேப்டாப்பில் ரூட்டருக்கு பிங் கொடுங்கள், அதாவது சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1; ரூட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும். பிங் உங்கள் வாசலைத் தாண்டாது. அதுவே இழுத்தால் கம்பெனிக்காரரைத் திட்டிப் பயனில்லை.

மாடிவீடு:
பார்த்தேன். கூடத்தில் 2, 3 மில்லிசெகண்ட். மாடியில் 200, 400, நடுவில் பதிலே வராமலும் போகிறது. அப்படியென்றால் வைஃபைதானா?

பழைய லேப்டாப்:
வேகம் குறைவதற்கு வைஃபைதான் காரணம். ரூட்டர் எங்கே இருக்கிறது?

மாடிவீடு:
டிவிக்குப் பின்னால், ஷோகேஸுக்குள். பக்கத்தில் இரும்பு பீரோ.

கேபிள் அண்ணன்:
சிரிப்பு வருகிறது, மன்னிக்கவும். பத்து வீட்டில் ஏழு வீட்டில் இதே கதை. இரும்பு, சிக்னலைத் திருப்பி அடிக்கும். அதைத் தாண்டி மிஞ்சுவது கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தில் மாட்டிக்கொள்ளும். வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை. 5 வேகமானது, ஆனால் சுவரைத் துளைப்பதில் 2.4-ஐவிட நோஞ்சான். அதனால் மாடியில் உங்கள் லேப்டாப் 2.4-க்கு இறங்கியிருக்கும். சாயங்காலம் தெருவே வீடு திரும்பி அதே 2.4-இல்தான் உட்கார்ந்திருக்கும். ரூட்டரை வெளியே எடுத்து, மாடிப்படிக்கு அருகில் ஆள் உயரத்தில் வையுங்கள். அப்புறம் செட்டிங்கில் 2.4-க்கு சேனல் (அலைவரிசைக்குள் இருக்கும் பாதை) அகலம் 40 என்று இருந்தால் 20 ஆக்குங்கள். வைஃபை அனலைசர் ஆப்பில் பார்த்து சேனல் 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்ததைப் போடுங்கள். 3, 4, 8 என்று நடுவில் போட்டால் இரண்டு பக்கத்துச் சண்டையும் உங்களுக்கு.

மாடிவீடு:
செய்தேன் அண்ணா. சேனல் 6-இல் ஒன்பது வீடு! 11-க்கு மாற்றினேன். மாடியில் இப்போது 25 வருகிறது, மீட்டிங் ஓடுகிறது. ஆனால் நேற்றும் இரண்டு நிமிடம் நின்றது.

பழைய லேப்டாப்:
நிற்கும்போது ரூட்டர் விளக்குகளைப் பாருங்கள். 'லாஸ்' (LOS, லைனில் சிக்னல் வரவில்லை என்று காட்டுவது) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் பிரச்சினை, கம்பெனியைக் கூப்பிடுங்கள். கதவிடுக்கில் ஒயர் மடங்கியிருந்தாலும் அப்படி வரலாம்.

மாடிவீடு:
சிவப்பு இல்லை. எல்லா விளக்கும் அணைந்து திரும்ப வருகிறது. இன்று கவனித்தேன், கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த நொடியில்தான்!

கேபிள் அண்ணன்:
அப்போ விஷயம் முடிந்தது. மின்விசிறிக்கு அந்த இடைவெளி தெரியாது, ரூட்டர் அணைந்து முதலிலிருந்து எழுந்திருக்கும். ரூட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரில் 12 வோல்ட் என்று இருக்கிறதா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்கு ஏற்றதை வாங்குங்கள். 25 போதாது என்றால் மாடிக்கு ஒரு லேன் ஒயர் இழுத்து, வீட்டில் கிடக்கும் பழைய ரூட்டரை அங்கே மாட்டலாம். அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, டிஹெச்சிபியை (போன், லேப்டாப்புக்கு முகவரி கொடுக்கும் வேலை; அதை முதல் ரூட்டரே பார்த்துக்கொள்ளும்) அணைத்து, ஒயரை லேன் துளையில் செருகுங்கள். இன்டர்நெட் என்று எழுதிய துளையில் வேண்டாம். ஒயர் இழுக்க முடியும்போது வைஃபை எக்ஸ்டெண்டர் எனக்குப் பிடிக்காது. ஒரே அலையில் வாங்கி அதே அலையில் திருப்பி அனுப்புவதில் வேகம் பாதியாகிவிடும்.

மாடிவீடு:
யுபிஎஸ் மாட்டி நாலு நாள் ஆகிறது. மூன்று முறை கரண்ட் போனது, ஒருமுறைகூட அறுபடவில்லை. 100 பிளானே போதும். பரணில் பழைய ரூட்டர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஒயர் இழுக்கிறேன். படிக்கட்டில் ரூட்டர் தொங்குவது அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை, பூத்தொட்டி வைத்து மறைக்கப் போகிறாராம்.

கேபிள் அண்ணன்:
தொட்டி மண்ணாக இருக்கட்டும், பித்தளை வேண்டாம். தண்ணீர் ஊற்றும்போது மட்டும் பார்த்து!