குடும்பக் குழுவில் ஒரு மாலை: எதை என்று கேட்க வைக்கும் வினைகள்

அண்ணி: பெரிய மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். அடுத்த வாரம் கவினுக்குத் தமிழ்த் தேர்வும் ஹிந்தித் தேர்வும் அடுத்தடுத்த நாள்களில் வருகின்றன. செயப்படுபொருள் குன்றிய வினை (செயப்படுபொருளை ஏற்காதது), குன்றா வினை (ஏற்பது) என்ற பாடத்தில், 'ஐ' உருபு வந்தால் குன்றா வினை, வராவிட்டால் குன்றிய வினை என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். அதனால் "கவின் தோசை சாப்பிட்டான்" என்பதைக் குன்றிய வினை என்று எழுதிவிட்டான். இதை அவனுக்கு எப்படிப் புரிய வைப்பது?

மயூர் விஹார் பெரியப்பா: உருபைத் தேட வேண்டாம் அம்மா, வினையைப் பார்த்துக் கேள்வி கேட்கச் சொல். 'சாப்பிட்டான்' என்றதும் 'எதை?' என்ற கேள்வி எழுகிறது. 'தோசையை' என்ற விடையும் வருகிறது. அஃறிணைப் பெயர்களில் 'ஐ' மறைந்து நிற்பது நம் மொழியில் அன்றாட வழக்கு. தண்ணீர் குடித்தான், புத்தகம் படித்தான், பாட்டுக் கேட்டான் எல்லாம் அப்படித்தான். உருபு மறைந்தாலும் செயப்படுபொருள் மறைந்துவிடுவதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "கவின் இரவெல்லாம் படித்தான்" என்ற வாக்கியத்தில் செயப்படுபொருளே சொல்லப்படவில்லை. ஆனாலும் 'எதைப் படித்தான்?' என்று கேட்க இடம் இருப்பதால் 'படி' என்பது குன்றா வினைதான். 'தூங்கினான்' என்ற வினையிடம் 'எதை?' என்று கேட்டுப் பார்க்கச் சொல், கேள்வியே நிற்காது.

நான்: பெரியப்பா, "கவின் தங்கையைப் பார்த்துச் சிரித்தான்" என்று எழுதினால் 'தங்கையை' என்று ஐ உருபு வெளிப்படையாகவே வருகிறதே, அப்போது 'சிரித்தான்' குன்றா வினை ஆகிவிடுமா?

மயூர் விஹார் பெரியப்பா: ஆகாது. 'தங்கையை' என்பது 'பார்த்து' என்ற வினையெச்சத்துக்கு உரியது. 'சிரித்தான்' அதற்கு உரிமை கொண்டாட முடியாது. ஒரு வாக்கியத்தில் இரண்டு வினைகள் இருந்தால், எந்தப் பெயர் எந்த வினையைச் சார்ந்து நிற்கிறது என்று பிரித்துப் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். தேர்வுத்தாளில் பிள்ளைகளைத் தடுமாற வைக்கும் இடம் இதுதான்.

அண்ணி: நன்றி மாமா. தன்வினை என்றால் குன்றிய வினை, பிறவினை என்றால் குன்றா வினை என்று அவனுடைய நோட்டில் அம்புக்குறி போட்டு எழுதி வைத்திருக்கிறான். அது சரியா?

மயூர் விஹார் பெரியப்பா: அந்த அம்புக்குறியை இன்றைக்கே அழித்துவிடச் சொல். தன்வினை, பிறவினை என்பது வேறு கணக்கு; எழுவாய் தானே செய்கிறதா, பிறரைச் செய்ய வைக்கிறதா என்பதே அங்கே கேள்வி. 'உண்டான்' தன்வினை, ஆனால் 'எதை?' என்ற கேள்வியை ஏற்பதால் குன்றா வினையும்கூட. 'திருந்தினான், திருத்தினான்' போன்ற ஜோடிகளில் இரண்டு கணக்குகளும் ஒன்றாக வந்து விழுவதால், பிள்ளைகள் எல்லா இடத்திலும் அப்படியே என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஆர்.கே.புரம் அத்தை: அண்ணா, நான் ஹிந்திப் பக்கத்தைச் சொல்கிறேன். கவின், உன் வீட்டுச் சமையலறையில் ஒரு கண்ணாடி டம்ளர் கீழே விழுந்ததாக வைத்துக்கொள். தமிழில் "டம்ளர் உடைந்தது" என்பாய், ஹிந்தியில் "கிலாஸ் டூட்டா". யார் செய்தது என்று அம்மா கேட்டால் "நான் டம்ளரை உடைத்தேன்" என்பாய், ஹிந்தியில் "மைனே கிலாஸ் தோடா". தமிழில் 'ந்த்' என்ற மெல்லோசை 'த்த்' என்ற வல்லோசையாக மாறுகிறது. மறைந்தது, மறைத்தான் என்பதும், வளர்ந்தது, வளர்த்தான் என்பதும் இதே வழியில் வருபவை. ஹிந்தியில் டூட்னா, தோட்னா என்று வினையே மாறுகிறது, அதோடு இறந்தகாலத்தில் எழுவாய்க்குப் பின்னால் 'நே' வந்து ஒட்டிக்கொள்கிறது. ஹிந்தி வகுப்பில் சகர்மக் (குன்றா வினை), அகர்மக் (குன்றிய வினை) என்று சொல்வது இந்த வேறுபாட்டைத்தான். 'நே' வந்தால் வினை எழுவாயை விட்டுவிட்டுச் செயப்படுபொருளோடு பொருந்துவதால், நீ பையனாக இருந்தாலும் "மைனே ரோட்டி காயீ" என்றுதான் சொல்ல வேண்டும். ரொட்டி அங்கே பெண்பால்.

நான்: அப்படியென்றால் தமிழில் 'த்த்' வந்தாலே குன்றா வினை என்று கொள்ளலாமா அத்தை?

ஆர்.கே.புரம் அத்தை: ஜோடியாக வரும் வினைகளில் மட்டும் கொள்ளலாம். குதித்தான், படுத்தான் ஆகியவற்றில் 'த்த்' இருக்கிறது, 'எதை?' இல்லை. மறந்தான் என்பதில் 'ந்த்' இருக்கிறது, 'எதை?' என்ற கேள்வியும் இருக்கிறது.

அண்ணி: அத்தை, கவின் ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுகிறான். "நாங்கள் மயூர் விஹாரை அடைந்தோம்" என்பதை "ஹம்னே மயூர் விஹார் பஹுஞ்சே" என்று மாற்றியிருக்கிறான். தமிழில் ஐ இருக்கிறது, எதை அடைந்தோம் என்றும் கேட்கலாம், ஆகவே 'நே' வர வேண்டும் என்பது அவன் வாதம்.

ஆர்.கே.புரம் அத்தை: குழந்தை நன்றாகவே யோசித்திருக்கிறான், ஆனால் ஹிந்தியில் பஹுஞ்ச்னா அகர்மக் வினை. "ஹம் மயூர் விஹார் பஹுஞ்சே" என்பதே சரி.

மயூர் விஹார் பெரியப்பா: இந்த இடத்தைக் கவின் நிதானமாகப் படிக்க வேண்டும். "மயூர் விஹாருக்குச் சென்றோம்" என்றால் நான்காம் வேற்றுமை, குன்றிய வினை. "மயூர் விஹாரை அடைந்தோம்" என்றால் இரண்டாம் வேற்றுமை, குன்றா வினை. இரண்டிலும் நாம் இறங்கியது அதே மெட்ரோ நிலையத்தில்தான். இரண்டாம் வேற்றுமையின் பொருள்களை ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை என்று வரிசைப்படுத்தும் நன்னூல், அடைதலையும் அதில் சேர்த்திருக்கிறது. ஆகவே நிகழ்ச்சியை மட்டும் வைத்து வகை பிரிக்க முடியாது. அந்தந்த மொழி, அந்தந்த வினைக்கு எந்த வேற்றுமையைத் தருகிறது என்று பார்க்க வேண்டும்.

அண்ணி: புரிந்துகொண்டான் மாமா. "நான் புத்தகத்தைக் கொண்டுவந்தேன்" என்பதற்கு 'நே' போடலாமா என்று கடைசியாகக் கேட்கிறான்.

ஆர்.கே.புரம் அத்தை: போடக் கூடாது, "மை கிதாப் லாயா" என்றுதான் எழுத வேண்டும். லானா (கொண்டுவருதல்), பூல்னா (மறத்தல்) இரண்டும் சகர்மக் வினைகளாக இருந்தும் 'நே' ஏற்காதவை. இவற்றைத் தனியாக எழுதி வைத்து மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது கண்ணா. நாளை மாலை பள்ளிவிட்டு வந்ததும் எனக்கு வீடியோ அழைப்புச் செய், இருபது வாக்கியங்கள் தருகிறேன்.