யூடியூப் வகுப்பு பார்க்கேக்க மட்டும் லப்டொப் கொதிக்குது, இடையில ஓஃப் ஆகுது

மல்லாவி மாணவி:
வணக்கம் அண்ணாமார், அக்காமார். லப்டொப் ஐ5-5200யூ, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10, குரோம். உயர்தர வகுப்புகளை யூடியூப்பில 1080பி-யில போட்டால் கொஞ்ச நேரத்திலயே ஃபான் இரையத் தொடங்குது. கோர் டெம்ப் எண்ட சூடு பார்க்கிற மென்பொருளில 96, 98 பாகை எண்டு காட்டுது. பிறகு படம் விக்கி விக்கி ஓடும், சிலவேளை சட்டெண்டு ஓஃப் ஆகிடும். ஆனா பென் டிரைவில இருக்கிற படத்தை விஎல்சியில எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் 65-ஐத் தாண்டாது. சில்லின்ர சூட்டைக் கடத்தப் பூசுற தேமல் பேஸ்ட்டை மாத்தச் சொல்லுகினம். அதுதானோ பிரச்சினை? வீடு கிரவல் றோட்டு ஓரம், சீற் கூரை.

பரந்தன் கணினி:
தங்கச்சி, பேஸ்ட்டை இப்ப தொடாதேங்கோ. பென் டிரைவ் படம் 65-இல ஓடுதெண்டு நீங்கள் எழுதினதிலயே பாதி விடை இருக்கு.

வீடியோவைச் சுருக்கி வைக்கிற முறையைக் கோடெக் எண்டு சொல்லுவினம். அந்தப் படம் அநேகமா எச்.264 எண்ட கோடெக். அதை விரிச்சுக் காட்டுறதுக்கு உங்கட சில்லுக்குள்ளயே, கிராபிக்ஸ் பகுதியில, தனி வன்பொருள் இருக்கு. சிபியூவுக்கு அதில பெரிய வேலை இல்லை. யூடியூப் குரோமுக்கு அனுப்புறது பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 எண்ட வேற கோடெக். அதே தரத்தைக் குறைஞ்ச டேட்டாவில அனுப்பலாம் எண்டதுதான் காரணம். இன்ரெல் சில்லுகளில விபி9-க்கு முழுமையான வன்பொருள் வசதி வந்தது 7ஆம் தலைமுறையில, ஏவி1-க்கு 11ஆம் தலைமுறையில. உங்களிட்ட இருக்கிறது 5ஆம் தலைமுறை. அதால ஒவ்வொரு ஃபிரேமையும் சிபியூவே கணக்குப் போட்டு விரிக்குது. 2 கோர் உள்ள 15 வாட் சில்லுக்கு 1080பி, அதுவும் செக்கனுக்கு 60 ஃபிரேம் எண்டால், விடாத சுமை.

முதல்ல உறுதிப்படுத்துங்கோ. வீடியோவில ரைட் கிளிக் பண்ணி "ஸ்டாட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்" எடுத்தால் கோடெக்ஸ் எண்டொரு வரி வரும். அதில விபி09 அல்லது ஏவி01 எண்டு தொடங்கினால் நான் சொன்னதுதான். ஏவிசி1 எண்டால் எச்.264. பிறகு டாஸ்க் மனேஜர், பெர்ஃபோமன்ஸ், ஜிபியூ: அதில வீடியோ டிகோட் கோடு தரையோட படுத்திருக்க சிபியூ மட்டும் ஏறி நிண்டால் சந்தேகமே வேண்டாம்.

குரோம் செட்டிங்ஸில சிஸ்டத்துக்குள்ள கிராபிக்ஸ் அக்ஸலரேஷன் ஓனில இருக்க வேணும். அது ஓஃபா இருந்தால் எச்.264 கூட சிபியூவிலதான் விழும். அடுத்தது, ஃபயர்ஃபொக்ஸ் போட்டு "என்ஹான்ஸ்ட் எச்264இஃபை" எண்ட அட்-ஒன்னைச் சேருங்கோ. அதில விபி8, விபி9, ஏவி1 மூண்டையும் புளொக் பண்ணுங்கோ, 60 ஃபிரேமையும் சேர்த்து. பக்கத்தை ரீலோட் செய்தால் ஏவிசி1 வரும்.

ரெண்டு விசயம் மறக்கக்கூடாது. எச்.264-இல யூடியூப் 1080பி-க்கு மேல தராது. உங்கட திரைக்கு அது காணும். மற்றது, அதே தரத்துக்கு டேட்டா கூடப் போகும். டொங்கிளில பார்க்கிற ஆக்களுக்கு இது சும்மா விசயமில்லை. கரும்பலகையில கணக்குச் செய்து காட்டுற வகுப்புக்கு 480பி-யிலயே எழுத்து வாசிக்கலாம். சூடும் குறையும், காசும் மிஞ்சும்.

வவுனியா_ஹார்ட்வெயர்:
பரந்தன் அண்ணை சொன்ன கோடெக் விளக்கம் சரி. ஆனால் அது பாதிதான். நல்ல நிலையில் இருக்கும் கூலிங், அந்தச் சில்லின் முழுச் சுமையையும் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கும். ஃபான் இரையலாம், சூடு ஏறலாம், ஓஃப் ஆகக்கூடாது. இந்தச் சில்லின் எல்லை 105 பாகை. அதை நெருங்கும்போது அது தானே வேகத்தைக் குறைக்கும், படம் விக்குவது அதனால்தான். அதையும் மீறி லப்டொப் ஓஃப் ஆகிறதென்றால் வெப்பம் வெளியே போக வழியில்லை.

கிரவல் றோட்டுச் செம்புழுதி, சோளகக் காற்றுக் காலத்தில் சொல்லவே வேண்டாம். அடித்தட்டுத் துளையால் நுழைந்து, ஃபானைத் தாண்டி, சூட்டை வெளியேற்றும் செம்புத் தகடுகளின் உட்புறத்தில் கம்பளி போலப் படிந்துவிடும். வெளித்துளையால் டோர்ச் அடித்துப் பார்த்தால் தகடு பளபளவென்று சுத்தமாகத் தெரியும், ஏனென்றால் புழுதிப் படை இருப்பது மறுபக்கம். வெளியிலிருந்து புளோவர் அடித்தால் அந்தப் படை ஃபானுக்குள் போய் விழும்.

அடித்தட்டைக் கழற்றியதும் முதல் வேலை பட்டறி இணைப்பைப் பிரிப்பது. பட்டறி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். குத்தவோ நெம்பவோ வேண்டாம், மாற்ற வேண்டும். திருகாணிகளின் நீளம் ஒன்றுபோல இருக்காது. எது எந்தத் துளையில் இருந்தது என்று ஒரு தாளில் படம் கீறி, அதில் குத்தி வையுங்கள். நீள ஆணியைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மேல்தட்டைத் துளைத்துவிடும். பல மொடல்களில் ஹீட் சிங்கை, அதாவது சில்லின் மேல் பூட்டியிருக்கும் சூடு கடத்தும் பகுதியை, தொடாமலே ஃபானை மட்டும் கழற்றலாம். படையைத் தூரிகையால் உரித்தெடுங்கள். புளோவர் பிடிப்பதென்றால் ஃபான் இறகை விரலால் அழுத்திப் பிடியுங்கள். வேகமாகச் சுழல விட்டால் பெயரிங் கெடும்.

இதற்குப் பிறகும் சூடு குறையாவிட்டால்தான் பேஸ்ட். ஹீட் சிங்க் ஆணிகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருந்தால் கழற்றும்போது 4-இலிருந்து 1-க்கு, பூட்டும்போது 1-இலிருந்து 4-க்கு, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக. பழையதைத் துடைக்க 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் அல்ககோல் வேண்டும். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் இருக்கும், அது படலம் விடும். புதுப் பேஸ்ட் ஓர் அரிசி அளவு போதும். பக்கத்துச் சில்லுகளில் மெத்தென்ற பாட் ஒட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டுப் பேஸ்ட் பூசாதீர்கள். அங்குள்ள இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது.

மல்லாவி மாணவி:
நன்றி அண்ணாமார். விபி09 எண்டுதான் இருந்தது. ஃபயர்ஃபொக்ஸில அட்-ஒன் போட்ட பிறகு ஏவிசி1, டிகோட் கோடும் ஏறுது. சூடு இப்ப 76. ஆனா ஃபான் இன்னும் இரையுது, பக்கத் துளையில கை வைச்சால் காத்து வாறதே தெரியேல்ல. கூலிங் பாட் வாங்கட்டோ?

பரந்தன் கணினி:
வேண்டாம் தங்கச்சி. ஃபான் இரைஞ்சும் காத்து வரேல்லயெண்டால் தகடு அடைச்சிருக்கு, வவுனியாத் தம்பி சொன்னது சரி. கீழ இருந்து ஊதினாலும் அது போக வழி வேணுமே. கிளிநொச்சியில கடைக்குக் குடுத்தால் "சேர்விஸ்" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, ஃபானைக் கழட்டித் தகட்டின்ர உட்பக்கத்தைத் துப்பரவாக்கச் சொல்லுங்கோ. எடுத்த படையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ.

அதுவரைக்கும் பவர் ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ், புரொசெசர் பவர் மனேஜ்மென்ட் போய் மக்ஸிமம் புரொசெசர் ஸ்டேற்றை 99 வீதமாக்குங்கோ. டேர்போ, அதாவது சில்லு தானா வேகத்தைக் கூட்டுறது, நிண்டு சில்லு 2.2 கிகாஹேர்ட்ஸுக்கு மேல போகாது. பின்பக்கத்தைச் சோடா மூடி ரெண்டு வைச்சு உயர்த்துங்கோ, கட்டிலில வைக்க வேண்டாம். மேசை ஃபான் பிடிக்கிறதெண்டால் சூட்டுக்காத்து வெளிய வாற பக்கத்துக்கு எதிரா வைக்காதேங்கோ. சீற் கூரைக்குக் கீழ மத்தியானம் அறை எவ்வளவு பாகை கூடுதோ, சில்லும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடும். பெரிய வீடியோக்களை விடியக்காலமையில அல்லது இரவு டேட்டாவில பாருங்கோ.