பதினான்கு மாதம் நின்ற கார்: இடது முன் சக்கரம் மட்டும் பிரேக்கை விடவில்லை

2012 மாடல் மாருதி ஆல்டோ கே10. தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய வீட்டில், ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே பதினான்கு மாதம் நின்றது. அப்படி நிறுத்தியது என் தவறு. வண்டியைக் குறை சொல்லவில்லை.

முதலில் பின் சக்கரங்கள் அசையவே இல்லை. டிரம்மைத் தட்டிக் கழற்றி, பிரேக் ஷூவைத் தேய்த்துப் போட்டபின் அவை சரியாகிவிட்டன. இப்போதைய தொல்லை வேறு. நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டியதும் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. இடது முன் சக்கரம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது, கருகிய வாடையும் வருகிறது. மற்ற மூன்றும் தாராளமாகச் சுழல்கின்றன.

பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் பின்களைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவினேன். பேடு புதிது. பழைய பிரேக் எண்ணெய் தேநீர் நிறத்தில் இருந்தது. முழுவதும் வெளியேற்றிப் புதிய டாட் 3 ஊற்றிக் காற்றும் எடுத்தாயிற்று. பலனில்லை.

ஒன்றைக் கவனித்தேன். சக்கரம் இறுகியிருக்கும்போது அந்தப் பக்கத்து பிளீடர் திருகை (காற்று எடுக்கத் திறக்கும் திருகு) சற்றுத் தளர்த்தினால் எண்ணெய் பீய்ச்சி அடிக்கிறது, சக்கரம் உடனே விடுபடுகிறது. அப்படியென்றால் காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன் சிக்கவில்லை, எண்ணெயின் அழுத்தம்தான் திரும்பாமல் நிற்கிறது என்றே நினைக்கிறேன். மெக்கானிக்கோ, பெடலை மிதித்ததும் சக்கரங்களுக்கு எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றச் சொல்கிறார்.

ஒரு சக்கரம் மட்டும் இப்படி இறுகுவதால், அதற்கு எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் உட்புறம் உப்பி அடைத்திருக்கும் என்று சந்தேகிக்கிறேன்; அதை மட்டும் முதலில் மாற்றிப் பார்ப்பது சரியா?