1967-ல் தமிழகத்தில் காங்கிரஸ் தோற்றது கூட்டணிக் கணக்கிலா, அரிசியிலா? புனைபெயர்களில் மூன்று பேர் விவாதிக்கிறார்கள்.

கூட்டல் கணக்கு:
எந்தக் கட்சி எதிர்பாராமல் தோற்றாலும் உடனே ‘மக்களிடம் போங்கள்’ என்று புத்தி சொல்கிறோம். 1967-ஐப் பாருங்கள். விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றார். ஆனால் மாநிலம் முழுக்க காங்கிரசுக்குக் கிடைத்த ஓட்டு 41 சதவீதம். தி.மு.க.வை விட ஒரு துளி அதிகம்! இடங்களோ 51-க்கு 137. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் எல்லோரும் அண்ணா பக்கம் போனதால் வந்த தோல்வி இது. எதிரிகளை ஒன்றுசேர விட்டதுதான் தப்பு.

கரிசல் மண்:
அந்த 41-ஐ ஆறுதலாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். தி.மு.க. நின்றது 174 தொகுதியில். காங்கிரஸ் கிட்டத்தட்ட எல்லாத் தொகுதியிலும் நின்றது. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? 1962-ல் காங்கிரஸ் வாங்கியது 46 சதவீதம்.

என் தாத்தா அந்தத் தேர்தலில் காங்கிரஸ் பூத் ஏஜெண்ட். வரிசையில் நின்ற பெண்கள் ஒருத்தரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லையாம். பக்கத்து வீட்டு அத்தை மட்டும் வந்து, “மாமா, கோவிச்சுக்காதீங்க, உலையில போட ஒண்ணுமில்ல” என்றாராம். அப்போதே தாத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அன்று ராத்திரி மேலே கொடுத்த கணக்கில் ‘நமக்குச் சாதகம்’ என்றுதான் எழுதினார். வேறு மாதிரி எழுதினால் கட்சித் துரோகி என்பார்கள் என்ற பயம். எனக்குத் தெரிந்து அந்தக் கட்சி தோற்ற இடம் அதுதான்.

கூட்டல் கணக்கு:
உங்கள் தாத்தா சொன்னதை நம்புகிறேன். அரிசித் தட்டுப்பாடும் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டமும் கோபத்தை உண்டாக்கின, மறுக்கவில்லை. ஆனால் கோபம் நாலு கட்சிக்குப் பிரிந்தால் ஆட்சி மாறாது. 1962-ல் காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். அவர் கற்ற பாடம் கூட்டணிதானே?

மேலவீதி:
குறுக்கே வருகிறேன். கூட்டணி மட்டுமா? 1963-ல் திராவிட நாடு என்ற தனிநாட்டுக் கோரிக்கையையே விட்டார். பிரிவினைத் தடைச் சட்டம் நெருக்கியது உண்மைதான். ஆனாலும் கட்சி பிறந்ததிலிருந்து பேசிய கோரிக்கை அது. அதை விட்டுவிட்டு அரிசியைப் பேசினார்: ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்.

அப்புறம் உங்கள் பாடத்தைப் பரீட்சித்தும் பார்த்தாகிவிட்டது. 1971-ல் காமராஜர் அதே ராஜாஜியோடு கூட்டணி வைத்தார். அவருடைய ஸ்தாபன காங்கிரசுக்குக் கிடைத்தது 15 இடம்.

கூட்டல் கணக்கு:
1971-ஐ இதோடு சேர்க்காதீர்கள். 1969-ல் காங்கிரசே இரண்டாக உடைந்து, இந்திரா தி.மு.க. பக்கம் நின்றார். பாதிக் கட்சியோடு போட்டியிட்டவரை வைத்துக் கூட்டணி பயன்படாது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த ‘சாதகம்’ விஷயம் உறுத்துகிறது. கீழே இருந்து வரும் எண்ணே பொய் என்றால், யாரோடு சேர வேண்டும் என்ற கணக்கைக்கூடச் சரியாகப் போட முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

கரிசல் மண்:
நான் கேட்பதும் அவ்வளவுதான். தோற்ற மறுவாரமே பூத் ஏஜெண்டுகளைக் கூப்பிடுங்கள். மாவட்டத் தலைவரை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கேளுங்கள். தோற்ற வேட்பாளர் அப்புறம் பேசட்டும், அவருக்குச் சொல்ல ஆயிரம் காரணம் இருக்கும்.

என் தாத்தாவை அப்படி ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசிவரை கதர்தான் கட்டினார், காமராஜர் படத்தையும் சுவரிலிருந்து இறக்கவில்லை. 1971-ல் பூத்துக்கு மட்டும் போகவில்லை.